24 மணி நேர பிபி ரிப்போர்ட்: எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது

டாக்டர் அறையில் பார்த்தால் 158/96, வீட்டில் பார்த்தால் 130 சொச்சம். எது உண்மை என்று பிடிபடாமல், ஒரு நாள் முழுக்க மெஷின் மாட்டிப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். மறுநாள் ரிப்போர்ட் வருகிறது. அறுபது சொச்சம் எண்கள், ஏறி இறங்கும் ஒரு கிராஃப், கடைசியில் இரண்டு வரி முடிவு. பெரும்பாலானவர்கள் அந்த இரண்டு வரியைத்தான் படிக்கிறார்கள். அதை வைத்துத்தான் ஒருவர் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடப் போகிறாரா இல்லையா என்பது முடிவாகிறது.

இந்தக் கருவியை மாட்டிவிட்டு, மறுநாள் கழற்றி, ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். நான் பார்த்தவரை ரிப்போர்ட் தப்பாகப் போனதற்குக் கருவி கெட்டுப்போனது காரணமாக இருந்தது மிகக் குறைவு. பட்டை சின்னதாக இருந்திருக்கும், கை ஆடிக்கொண்டே இருந்திருக்கும், தூங்கிய நேரத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மூன்றுமே நம் கையில் இருப்பவை. மாட்டிக்கொள்ளப் போகிறவர், புதிதாக மாட்டிவிடப் பழகுகிறவர் இருவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்; யாருக்கு எது தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு, அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். இதைப் பலர் 'ஹோல்டர்' என்கிறார்கள். ஹோல்டர் என்றால் நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்வது. நாம் பேசுவது கையில் பட்டை, இடுப்பில் சின்னப் பெட்டி, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தானாகக் காற்று ஏறி அளக்கும் ஆம்புலேட்டரி பிபி. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள், மாறிப்போய் வந்து திரும்பியவர்கள் உண்டு.

ஒரு நாள் முழுக்க எதற்கு அளக்க வேண்டும்

1983இல் இத்தாலியில் கியூசெப்பே மான்சியாவும் அவர் குழுவும் ஒரு வேலை செய்தார்கள். மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை விடாமல் பதிவு செய்துகொண்டிருக்கும்போது, ஒரு டாக்டரை உள்ளே அனுப்பி வழக்கம்போல பிபி பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் பக்கத்தில் வந்து அளக்க ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மேல் அளவு சராசரியாக 27 புள்ளியும் கீழ் அளவு 15 புள்ளியும் ஏறிவிட்டது. அதாவது பிபி பார்ப்பதே பிபியை ஏற்றியது. 1988இல் தாமஸ் பிக்கரிங் இதைத்தான் 'வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம்' என்ற பெயரில் எழுதினார். இதற்கு நேர் எதிரான கூட்டமும் இருக்கிறது: டாக்டர் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது 128, வேலை நெருக்கடியில் 150. இதற்கு 'மறைந்திருக்கும் ரத்த அழுத்தம்' என்று பெயர். இரண்டில் இது ஆபத்தானது, ஏனென்றால் இவர்களை யாரும் தேடுவதே இல்லை.

இந்த இரண்டு வகை ஆட்களையும் பிரித்துக் காட்ட 24 மணி நேர அளவைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011இலேயே, டாக்டர் அறையில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மாத்திரை தொடங்கும் முன் ஆம்புலேட்டரி பிபி செய்து உறுதிப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. ஆக, பரிசோதனை நல்ல பரிசோதனைதான். அதை ஒழுங்காகச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

கருவி எப்படி அளக்கிறது

இது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழைய முறையில் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்பார். இந்தக் கருவி எதையும் கேட்பதில்லை. பட்டையில் காற்றை ஏற்றி, மெல்ல இறக்கும்போது தமனி துடிப்பதால் பட்டைக்குள் உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகளை உணர்கிறது. அந்த அதிர்வு எந்த இடத்தில் மிகப் பெரிதாக இருக்கிறதோ அது ஏறக்குறைய சராசரி அழுத்தம். மேல் அளவும் கீழ் அளவும் அதிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்குப் போட்டு எடுக்கப்படுபவை, அந்தச் சூத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, யாரும் வெளியே சொல்வதில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, கருவிக்குத் துடிப்பும் ஆட்டமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பஸ் குலுங்கினாலும், நீங்கள் விரலை மடக்கினாலும், குழந்தை வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் அதற்கு அதிர்வுதான். இரண்டு, ஒரு தனி எண்ணை அதிகமாக நம்பக் கூடாது. இந்தப் பரிசோதனையின் பலமே நிறைய எண்களின் சராசரியில் இருக்கிறது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: முறைப்படி சோதித்துத் தேறியதா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 81060-2 என்ற சர்வதேசத் தரத்தின்படி குறைந்தது 85 பேரிடம் சோதித்து, சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்குள்ளும் அதன் சிதறல் 8 புள்ளிக்குள்ளும் இருக்க வேண்டும். தேறிய கருவிகளின் பட்டியல் ஸ்டிரைட் பிபி தளத்தில் கிடைக்கிறது. ஆனால் அந்த 8 என்ற எண்ணைக் கவனியுங்கள். சராசரியில் கருவி சரியாக இருந்தாலும், யாராவது ஒருவர் கையில் அது 10 புள்ளிக்கு மேல் விலகிக் காட்ட முடியும், அப்படிக் காட்டினாலும் அது 'தேறிய கருவி'தான். அதனால்தான் மாட்டியவுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை விடவே கூடாது என்கிறேன். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மாட்டும்போது

முதலில் இரண்டு கையிலும் பிபி பாருங்கள். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதிகமாக இருக்கும் கையில் மாட்ட வேண்டும். வித்தியாசம் இல்லாவிட்டால் அதிகம் புழங்காத கை, வலது கைக்காரருக்கு இடது கை. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையிலும், மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகள் எடுத்த பக்கத்துக் கையிலும் மாட்டக் கூடாது. நோயாளி தானாகச் சொல்ல மறந்துவிடலாம், கேட்டுவிடுங்கள்.

அடுத்து பட்டை. என்னைக் கேட்டால் பாதித் தவறு இங்கேதான். தோள்பட்டை முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள், கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டாம். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை அந்தச் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் நீளமும், ஏறக்குறைய 40 சதவீதம் அகலமும் இருக்க வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் பிபி கூடக் காட்டும், பெரியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். எவ்வளவு கூட என்று 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அளந்தே பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாக வந்தது. 125 இருப்பவருக்கு 144 என்று காட்டினால் அவர் ஒரே நாளில் நோயாளி ஆகிவிடுகிறார்.

இதை நானே பார்த்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பெரிய பட்டை கிழிந்துபோய் மாதக்கணக்கில் புதிது வாங்கித் தரவில்லை. பருமனான ஓர் அம்மாவுக்கு நடுத்தரப் பட்டையைத்தான் இறுக்கிச் சுற்றி அனுப்பினேன். பகல் சராசரி 150க்கு மேல் வந்தது, அவருக்கு இரண்டாவது மாத்திரையும் சேர்த்தார்கள். சில வாரத்தில் தலைசுற்றல் என்று திரும்பி வந்தார். வேறு இடத்திலிருந்து சரியான பட்டை வாங்கி வந்து அளந்தால் 118. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, ஆனால் அன்றிலிருந்து அளவுக்கு ஏற்ற பட்டை இல்லை என்றால் பரிசோதனையைத் தள்ளிப் போடுகிறேனே தவிர, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதில்லை.

மேலே பருத்து முழங்கைப் பக்கம் ஒடுங்கும் கைகள் இருக்கின்றன. இவற்றில் நீளச்சதுரப் பட்டை நிற்காது, ஒவ்வொரு முறை காற்று ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி மாலைக்குள் முழங்கை மடிப்பில் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் வருவதெல்லாம் பிழைக் குறிதான். கூம்பு வடிவப் பட்டை இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் பட்டையின் கீழ் ஓரத்தில் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, "பட்டை இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று செய்து காட்டுங்கள். பட்டை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும், பட்டைமேல் இருக்கும் தமனிக் குறி தமனிக்கு நேராக, குழாய் மேல்நோக்கிப் போய் கழுத்துக்குப் பின்னால் சுற்றி மறுபக்க இடுப்புக்கு வர வேண்டும். குழாயைக் கீழ்நோக்கி விட்டால் முழங்கை மடக்கும்போது மடிந்துவிடும்.

மாட்டியாகிவிட்டதா? சரி, இப்போது உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, ஏற்கெனவே சரிபார்த்த வேறொரு பிபி கருவியில் இரண்டு மூன்று முறையும் இந்தக் கருவியில் இரண்டு மூன்று முறையும் எடுத்து, இரண்டு சராசரியையும் எழுதி வையுங்கள். 5 புள்ளி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அந்த ஆளுக்கு அந்தக் கருவி ஒத்துவரவில்லை, வேறு கருவி போடுங்கள். பத்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் 24 மணி நேரத்தை வீணாக்குவதில் அர்த்தமில்லை.

இடைவெளியைப் பகலில் 20 நிமிடம், இரவில் 30 நிமிடம் என்று வைப்பது என் வழக்கம். திரையில் எண் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் அடுத்த எண் அந்தப் பயத்தால் ஏறும், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது

வழக்கமான ஒரு வேலை நாளில் மாட்டிக்கொள்ளுங்கள். பிபி கூடிவிடுமோ என்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தால், நீங்கள் வாழாத ஒரு நாளின் பிபிதான் கிடைக்கும். மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒழிய வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். அன்றைக்குக் கடுமையான உடற்பயிற்சி மட்டும் வேண்டாம். கருவி நனையக் கூடாது என்பதால் மாட்டும் முன்பே குளித்துவிட்டுத் தளர்வான சட்டை போட்டு வாருங்கள்.

காற்று ஏறுவது தெரிந்ததும் நடந்துகொண்டிருந்தால் நில்லுங்கள், கையைத் தொங்கவிட்டு விறைக்காமல் தளர்த்தி, பேசாமல், விரலைக்கூட அசைக்காமல் இருங்கள். உட்கார்ந்திருந்தால் பட்டை நெஞ்சின் நடு உயரத்தில் இருக்கும்படி கையை மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 8 புள்ளி கூடக் காட்டும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். இது ரத்தத்தின் எடை செய்கிற வேலை, எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. அளவு கிடைக்காவிட்டால் கருவி ஓரிரு நிமிடத்தில் மறுபடி ஊதும், அதுவும் தோற்றால் சிலருக்கு இன்னும் அதிகமாக இறுக்கும். கை வலித்தது என்று சொல்பவர்களில் பலர் அசைந்துகொண்டே இருந்தவர்கள்தான்.

வண்டி ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். முடியாது என்றால் காற்று ஏறும்போது அதைக் கண்டுகொள்ளாமல் சாலையைப் பாருங்கள், அந்த ஒரு அளவு போனால் போகட்டும்.

இரவில் பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, குழாய் உடம்புக்கு அடியில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் படுத்தால், பட்டை கட்டிய கை மேல்பக்கம் இருக்கும்போது இதயத்தைவிட உயரமாகிவிடுவதால் அளவு குறைவாக வரும். இதற்காக இரவு முழுக்க மல்லாந்தே படுக்க வேண்டியதில்லை, தூக்கம் கெடுவது அதைவிட மோசம். எந்தப் பக்கம் அதிகம் படுத்தீர்கள் என்று மறுநாள் சொன்னால் போதும். உள்ளங்கை நீலம் பாரித்தாலோ, விரல் மரத்துப்போய்ச் சரியாகவே இல்லை என்றாலோ யோசிக்காமல் நிறுத்திக் கழற்றிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்குப் பட்டை இருந்த இடத்தில் செம்புள்ளிகள் வரலாம், மாட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் குறிப்பு எழுதுவது. இதை எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள், ரிப்போர்ட் தலைகீழாக மாறுவது இதில்தான். கண் அயர்ந்த நேரம், முழித்த நேரம், பகல் தூக்கம், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், மாத்திரை எடுத்த நேரம், தலைவலி, மயக்கம், சண்டை, ஓட்டம் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். "4.10, மாடி ஏறினேன்" என்று இருந்தால் போதும்.

ஓர் உதாரணம்

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பெரும்பாலான மென்பொருள்கள் இரவு 10 முதல் காலை 6 வரை 'தூக்கம்' என்று தாங்களாக வைத்திருக்கும். ஒருவர் இரவு 12.45க்குத் தூங்கி 7 மணிக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும்போது அவருடைய மேல் அளவு 134 வாக்கில், முன்னிரவில் வேலை செய்யும்போது 136, தூக்கத்தில் 118.

கருவியின் கணக்குப்படி, 10 மணியிலிருந்து 12.45 வரை அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததும் 'தூக்கம்'. அதனால் இரவு சராசரி 124 ஆகிறது. காலை 6 முதல் 7 வரை நிஜமாகத் தூங்கியது பகலில் சேர்ந்துவிடுவதால் பகல் சராசரி 133. இரவு 124 என்றால் இரவுக்கான எல்லையான 120ஐத் தாண்டிவிட்டது, 'இரவு நேர ரத்த அழுத்தம்' என்று எழுதிவிடும். பகலைவிட இரவில் இறக்கம் 7 சதவீதம்தான், இயல்பாக 10 சதவீதமாவது இறங்க வேண்டும், ஆகவே 'இறக்கம் போதாது' என்றும் எழுதிவிடும். இப்போது குறிப்பைப் பார்த்துத் தூக்க நேரத்தைச் சரியாகக் கொடுங்கள். பகல் 134, இரவு 118, இறக்கம் 12 சதவீதம். இரண்டு முடிவும் காணாமல் போகிறது. அதே கை, அதே பட்டை, அதே எண்கள்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறு இன்னும் பெரியது, முழு ரிப்போர்ட்டுமே தலைகீழாக வரும். அவர்களிடம் தூக்க நேரத்தைக் கேட்காமல் ரிப்போர்ட் எடுப்பது பெரிய தப்பு. பகல் தூக்கமும் அப்படியே. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு எழுதாமல் விட்டால் பகல் சராசரி குறைந்து, பிபி இருப்பவரும் இல்லாதவர் மாதிரி தெரிவார்.

ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது

கடைசிப் பக்க முடிவை மூடி வையுங்கள். முதலில் எத்தனை அளவு வெற்றி என்று பாருங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி எடுக்க முயன்றதில் 70 சதவீதமாவது கிடைத்திருக்க வேண்டும், விழித்திருந்த நேரத்தில் குறைந்தது 20, தூக்கத்தில் குறைந்தது 7. 20 நிமிடம், 30 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 64 முயற்சி, அதில் 45 வந்திருக்க வேண்டும். 30தான் வந்திருக்கிறது என்றால் மீதியைப் படிப்பதில் பொருளில்லை, மறுபடி மாட்டுங்கள். பகலில் 20 இருந்து இரவில் 4தான் இருக்கிறதா, பகல் பாதியை வைத்துப் பேசலாம், இரவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

அடுத்து தூக்க நேரம் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்கு அப்புறம்தான் சராசரிகள். 24 மணி நேரத்துக்கு 130/80, பகலுக்கு 135/85, இரவுக்கு 120/70. இந்த எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ அதிகம். 2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் இதையே 125/75, 130/80, 110/65 என்று இறக்கி வைத்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் எந்த எல்லை அச்சாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் ஒன்று 'நார்மல்', இன்னொன்று 'அதிகம்' என்று சொல்வதற்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். முக்கியமாக, டாக்டர் அறையின் 140/90ஐ இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. பகல் சராசரி 138 என்றால் 140ஐத் தாண்டவில்லையே என்று ஆறுதல் சொல்லி அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன், அது தவறு.

எல்லைக்கு மிக அருகில் வந்தால் நிதானம் வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரு வாரம் விட்டு மறுபடி மாட்டினால் 24 மணி நேரச் சராசரி சில புள்ளி மாறத்தான் செய்யும். டாக்டர் அறையில் எடுக்கும் ஒற்றை அளவு மாறுவதைவிட இது மிகவும் குறைவு, ஆனாலும் மாறும். 128க்கும் 132க்கும் இடையில் ஒரு கோடு போட்டு ஒருவரை ஆரோக்கியமானவர், இன்னொருவரை நோயாளி என்று பிரிக்கிற அளவுக்குத் துல்லியம் இதற்குக் கிடையாது. அந்த இடத்தில் சர்க்கரை, சிறுநீரகம், வயது, குடும்பத்தில் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும்.

'அதிகபட்ச பிபி 186' என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்குப் போய் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அந்த நேரத்தில் குறிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் படி ஏறியிருப்பீர்கள், அல்லது கை ஆடியிருக்கும். நாள் முழுக்க சராசரி 124 இருக்கிற ஒருவருக்கு ஒரு 186 வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. முதல் ஒரு மணி நேர அளவுகளும் அப்படித்தான், மருத்துவமனைச் சூழல் இன்னும் உடம்பை விட்டுப் போயிருக்காது.

அதே சமயம், அதிகமாக இருக்கிறது என்பதற்காக அளவுகளை நீக்கவும் கூடாது. சிலர் கிராஃப் அழகாக வர வேண்டும் என்று உச்சிகளை வெட்டிவிடுகிறார்கள், அது ரிப்போர்ட்டைக் கெடுப்பது. உடம்பில் நடக்கவே முடியாததை மட்டும் நீக்குங்கள்: 142/136 என்று மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு வருவது, முன்னும் பின்னும் 130 இருக்க நடுவில் 72/30 என்று வருவது. நீக்கியதை நீக்கினேன் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

இரவு இறக்கம் பற்றி

தூக்கத்தில் பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. அயர்லாந்தின் ஈயோன் ஓ'பிரையன் 1988இல் இறங்குபவர், இறங்காதவர் என்று பிரித்து எழுதியதிலிருந்து எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த வரி வந்துவிட்டது. சரியாக இறங்காதவர்களுக்குப் பின்னால் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, சிறுநீரக நோய், நெடுநாள் சர்க்கரை எல்லாம் இருக்கக்கூடும் என்பதால் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் இந்த 'இறங்குபவர், இறங்காதவர்' முத்திரைதான் முழு ரிப்போர்ட்டிலேயே நம்பகம் குறைந்த பகுதி. இந்த வாரம் இறங்காதவர் என்று வந்த பலர் அடுத்த முறை மாட்டினால் இறங்குபவர் ஆகிவிடுகிறார்கள். 9.5 சதவீதம், 10.5 சதவீதம் என்று ஒரு கோட்டுக்கு இருபக்கமும் விழுவதால் மட்டும் இது நடப்பதில்லை. அன்றைக்கு மெஷின் சத்தத்தில் அவருக்குத் தூக்கமே வந்திருக்காது. தூங்காத ராத்திரியில் எப்படி இறங்கும்? அதனால் "நேற்று எப்படித் தூங்கினீர்கள்?" என்று கேட்காமல் அந்த வரியைப் படிக்க வேண்டாம். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் குறைவாகத் தூங்கினேன் என்று சொன்னால், நான் ரிப்போர்ட்டின் மேலேயே அதைச் சிவப்பு மையில் எழுதி டாக்டருக்கு அனுப்புகிறேன்.

சதவீதத்தைவிட இரவு சராசரியே பிடிமானமான எண். பிபியால் வரும் பக்கவாதம், இதயச் சாவு இவற்றை முன்கூட்டிச் சொல்வதில் இரவு அளவு பகல் அளவைவிடப் பலமானது என்று 2005இல் வெளியான டப்ளின் ஆய்வு காட்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இறக்கம் போதாது என்று பார்த்தவுடன் காலை மாத்திரையை நீங்களாக இரவுக்கு மாற்றிவிடாதீர்கள். 21,000க்கும் அதிகமானவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்த டைம் ஆய்வு 2022இல் வெளிவந்தது, காலையில் சாப்பிட்டாலும் மாலையில் சாப்பிட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம், சாவு இவற்றில் வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. மறக்காமல் சாப்பிட வசதியான நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் டாக்டரிடம் பேசுங்கள்.

கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுபவர்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு இருந்தால் ஒவ்வொரு துடிப்பின் பலமும் வேறு என்பதால் கருவியின் சூத்திரம் தடுமாறும். நிறைய அளவுகளின் சராசரி கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் தனித்தனி எண்களைப் படிக்காதீர்கள், குறிப்பாகக் கீழ் அளவை. கர்ப்பிணிகளுக்கு அந்தக் கருவி கர்ப்ப காலத்துக்கென்று தனியாகச் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள், பல கருவிகள் அப்படிச் சோதிக்கப்படவில்லை. கை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பிழைக் குறிகள்தான் அதிகம் வரும், முதல் அரை மணி நேரத்தில் மூன்று முறை தோற்றால் அன்றைக்கு விட்டுவிட்டு வேறு வழி யோசிப்பதே நோயாளிக்கு நல்லது.

அந்த வேறு வழி வீட்டில் பார்க்கும் பிபி. மேல்கையில் கட்டும், தேறிய கருவியில் ஏழு நாள், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி பாருங்கள். 135/85தான் இதற்கும் எல்லை. இரவு அளவு இதில் கிடைக்காது என்பது குறை. பட்டையே இல்லாமல் பிபி காட்டும் கைக்கடிகாரங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்து மாற்றவோ அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மறுபடி மாட்ட வேண்டி வந்தால், முந்தைய ரிப்போர்ட்டை எண் பட்டியலோடு கையில் எடுத்துப் போங்கள். முடிவு எழுதிய பக்கம் மட்டும் போதாது. எந்தக் கை, எந்த அளவுப் பட்டை, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதை அதன் ஓரத்தில் எழுதி வைத்திருங்கள். அதே கையில், அதே அளவுப் பட்டையோடு, அதே மாதிரி ஒரு வேலை நாளில் மாட்டினால்தான் மாத்திரை வேலை செய்ததா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.